நூற்றுப் பதினெட்டாம் டப்பா

ஜூன் 5, திங்கள்

உரக்கடையில ஓசிக்குக் குடுத்த டைரி. அஞ்சு மாசமா அரிசி டிரம்முக்கு மேல சும்மா கிடந்தது. இன்னைக்கு எனக்கு வேலை கிடைச்சிருக்கு, அதனால எழுதத் தொடங்குறேன்.

வேலை என்னன்னு சொன்னா பாறைக்குளமே மூக்கைப் பொத்தும். மெடிக்கல் காலேஜ்காரங்க ஒரு ஆராய்ச்சி நடத்துறாங்க. குடல்ல புற்று இருந்தா மலத்துல கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ரத்தம் கசியுமாம். அதைப் பிடிச்சா நோயை முன்கூட்டியே பிடிச்சிடலாம். அதுக்கு ஒவ்வொரு ஊர்லயும் அம்பது வயசுலேருந்து எழுபது வயசு வரைக்கும் உள்ள நூத்தி இருபது பேரோட மலம் வேணும். எங்க ஊர்ல அதைக் கேட்டு வாங்கிக் குடுக்கிறது சங்கரவடிவாகிய என் பொறுப்பு. எனக்கு நாப்பத்தெட்டு. நான் கணக்குல வரமாட்டேன், வாங்குறதோட சரி.

டாக்டர் எப்சிபாதான் ஆராய்ச்சிக்குத் தலைமை. என்னைவிடச் சின்னவங்க. "கூச்சப்படாம பேச வருமா?"ன்னு கேட்டாங்க. "பதினோரு வருசம் ரேஷன் கடையில எடை போட்டிருக்கேன் டாக்டர்"ன்னேன். மறு கேள்வி கேக்கல.

டப்பா சுண்டுவிரல் நீளம்தான். மூடியோட ஒரு குச்சி ஒட்டியிருக்கும். குச்சியால ஆறு இடத்துல குத்தி, திரும்ப உள்ள விட்டு இறுக்கி மூடணும். அவ்வளவுதான் வித்தை. டப்பா மேல பேரும் நம்பரும் எழுதணும்னு வச்சிருந்தாங்க. பேர் எழுதினா இந்த ஊர்ல ஒரு ஆள் தரமாட்டான், நம்பர் மட்டும் போதும்னு நான் சொன்னேன். டாக்டர் யோசிச்சுட்டு சரின்னுட்டாங்க. முதல் நாளே நம்ம பேச்சு எடுபட்டிருக்கு.

வீட்டுக்காரருக்குத்தான் முகம் சுருங்கிப் போச்சு. பஜாருல சேவுக்கடை வச்சிருக்காக. "ஏளா, நீ அதைத் தொட்டுட்டு வந்து கடலைமாவைத் தொட்டா எவன் நம்ம கடையில வாங்குவான்?"ன்னாக. கையுறை தாராங்கன்னேன். "மனசுக்குக் கையுறை உண்டுமா?"ன்னாக. நல்லாத்தான் கேட்டாக. நான் போகத்தான் போறேன்.

ஜூன் 6, செவ்வாய்

டாக்டர் குடுத்த பேப்பர்ல மலம்னு போட்டிருக்கு. படிச்சவங்க மோஷன்ங்கிறாங்க. எங்க தெருவுல வெளிக்கி. நான் ஆளைப் பாத்து வார்த்தையை எடுக்கிறேன். மேலத்தெரு மரியபுஷ்பம் டீச்சர்கிட்ட மலம்னு சொன்னதும் கதவை ஒருச்சாய்ச்சுட்டாங்க. மோஷன்னு சொன்னதும் காபி வந்தது.

பதினோரு டப்பா குடுத்தாச்சு. ரெண்டு திரும்பி வந்தாச்சு.

ஜூன் 9, வெள்ளி

டப்பாவை வெயில்ல வைக்கக்கூடாது. ஊர் ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ் பழுது, அதனால ஒரு ராத்திரி மட்டும் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். காலையில தோசைமாவு எடுக்கப் போன அவுக பெட்டியைத் திறந்து பாத்துட்டாக. தோசை வேண்டாம்னுட்டு கடையிலயே ரெண்டு வடையைத் தின்னுக்கிட்டாக. சாயங்காலம் அந்த மாவையும் கொட்டச் சொன்னாக. கொட்டல. அவுகளுக்குத் தெரியாம நான் ஊத்தித் தின்னேன். பாதி தோசைக்கு மேல இறங்கல. இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் இறங்குது.

ஜூன் 14, புதன்

இன்னைக்கு மூக்காண்டி அண்ணாச்சியைப் பிடிபிடின்னு பிடிச்சேன். எழுபதுக்கு ஒரு வயசு குறைச்சல், பதினாறு ஆடு வச்சிருக்காரு, சேட்டை மட்டும் இன்னும் போகல. அவரு டப்பா 41. லேப்ல திறந்து பாத்த பொண்ணு எனக்கு போன் போட்டுச் சிரிக்குறா. "அக்கா, இது மனுசன் இல்லக்கா, புல்லு வாசம் வருது."

நேரா அவரு ஆட்டுக் கிடைக்குப் போனேன். "என்ன அண்ணாச்சி, ஆட்டுப் புழுக்கையைக் கரைச்சுக் குடுத்தீயளா?"

"மிசின் கண்டுபிடிக்குதா பாப்போம்னு நினைச்சேன் தாயி. கண்டுபிடிச்சுட்டுதே. நல்ல மிசின்தான்."

"நல்ல மிசினா? உங்க உடம்புக்கு ஆடு பதில் சொல்லுமா? இன்னொண்ணோட சாம்பிளை உங்க நம்பர்ல குடுத்தா, நாளைக்கு உமக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவாக, ஆட்டையா?"

சிரிச்சாரு. நான் சிரிக்கல. புது டப்பாவைக் கையில குடுத்து, நாளைக் காலையில ஆறு மணிக்கு வந்து வாசல்ல நிப்பேன்னு சொல்லிட்டு வந்தேன். ஆராய்ச்சின்னா நாணயம் வேணும். அது இல்லைன்னா மத்தது எல்லாம் வெறும் நாத்தம்தான்.

ஜூன் 15, வியாழன்

ஆறு மணிக்குப் போய் நின்னேன். குடுத்துட்டாரு. அசல்.

ஜூன் 22, வியாழன்

தொண்ணூத்தி நாலு வந்தாச்சு. மத்த ஊர்ல வேலை பாக்கிற ரெண்டு பேரும் அறுபதைத் தாண்டலையாம். டாக்டர் எல்லார் முன்னாலயும் என்னைப் பாராட்டினாங்க. அடுத்த கட்டத்துல பத்து ஊருக்கு மேற்பார்வை பாக்க ஒரு ஆள் வேணுமாம். சொல்லிட்டு என்னைப் பாத்தாங்க.

பஸ்ல வரும்போது தூங்கிட்டேன். ரெண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்து வந்தேன். மூச்சு வாங்குச்சு. ஜாக்கெட்டு எல்லாம் தோள்ல நிக்க மாட்டேங்குது, பிடிச்சுத் தைக்கக் குடுக்கணும்.

எதுக்கு இந்த வேலைக்குப் போறேன்னு டீச்சர் கேட்டாங்க. எங்க பெரியக்கா கோமதியைப் பத்திச் சொன்னேன். குடல் புற்று. எட்டு மாசம் நான்தான் பாத்தேன். தெரிஞ்சப்பவே முத்திப் போயிருந்தது. இந்த டப்பா அப்ப இருந்திருந்தா அவ இன்னைக்கு என்கூட உக்காந்து வெத்தலை போடுவா. இதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன்.

ஜூன் 30, வெள்ளி

கடைசி நாள். நூத்திப் பத்தொன்பது வந்தாச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணு, 118. அது வேற யாருமில்ல, எங்க வீட்டுக்காரர். அம்பத்தாறு வயசு. நம்ம வீட்டு ஆளே குடுக்காம ஊர்ல எப்படிக் கேக்கிறதுன்னு முதல் வாரமே அவுக பேரைச் சேத்துட்டேன்.

காலையில கெஞ்சினேன். மத்தியானம் அதட்டினேன். "நான் நாலு பேரு வாயில வைக்கிற பண்டம் செய்யுறேன். அந்தக் கையால இதைச் செய்யச் சொல்லாத"ன்னு ஒரே பிடி. டப்பாவைத் தொடக்கூட இல்ல. குளியல் அறை ஜன்னல்ல நான் வச்ச இடத்துலயே இருந்தது.

அஞ்சு மணிக்கு வண்டி வந்தது. கணக்கு நூத்தி இருபதும் நிறைஞ்சது. டாக்டர் போன்ல, "வீட்டுக்காரரையே மசிய வச்சுட்டீங்களா வடிவு?"ன்னாங்க. ஆமான்னேன்.

ஜூலை 2, ஞாயிறு

டப்பா ஜன்னல்ல இல்லைன்னு அவுக கவனிக்கல. கவனிச்சாலும், நான் தூக்கிப் போட்டிருப்பேன்னு நினைச்சிருப்பாக.

ஜூலை 12, புதன்

ரிசல்ட் வந்தது. நூத்தி இருபதுல அஞ்சு பேருக்கு ரத்தம் காட்டியிருக்கு. அந்த அஞ்சு பேருக்கும் நான் போய்ச் சொல்லி, மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போய், குடல்ல கேமரா விட்டுப் பாக்க வைக்கணும். ரத்தம் காட்டுன எல்லாருக்கும் புற்றுன்னு அர்த்தம் இல்ல. மூலமா இருக்கலாம், சின்னச் சதை வளர்ச்சியா இருக்கலாம், இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

41, மூக்காண்டி அண்ணாச்சி. 67, மரியபுஷ்பம் டீச்சர். 73. 102.

118.

எழுதிடுறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போறதில்ல. அன்னைக்கு அஞ்சு மணிக்கு வண்டி வாசல்ல ஹாரன் அடிச்சப்ப, அவுக நம்பர் ஒட்டின டப்பாவுல நான் என்னோடதைத்தான் வச்சுக் குடுத்தேன். ஒரே ஒரு டப்பாதானே, கணக்கு நிறையட்டும்னு செஞ்சேன்.

எனக்கு மூலம் உண்டு. எங்க சின்ன மகன் பிறந்ததுலேருந்தே உண்டு. அதுதான் காட்டியிருக்கும்.

ஜூலை 14, வெள்ளி

டீச்சரைப் போய்ப் பாத்தேன். "எனக்குப் பல வருசமா மூலம் இருக்கு வடிவு, அதுதான். கேமரா எல்லாம் எதுக்கு?"ன்னாங்க.

"டீச்சர், மூலமா இல்லையான்னு கேமரா சொல்லட்டும். நீங்களும் நானும் சொல்லக்கூடாது. உள்ள எட்டிப் பாத்தோமா நாம?"ன்னேன். அரை மணி நேரம் பேசினேன். கடைசில அழுதுட்டாங்க. அடுத்த வாரம் வாரேன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் நினைச்சா யாரையும் சம்மதிக்க வச்சிடுவேன்.

வீட்டுக்கு வந்தும் சோறு பொங்கல. அவுக கடையிலேருந்து வந்து ஒண்ணும் கேக்காம அவுகளே ரசம் வச்சாக.

ஜூலை 20, வியாழன்

மூக்காண்டி அண்ணாச்சிக்குக் கேமரா. முந்தின நாள் மருந்துப் பொடியை ரெண்டு லிட்டர் தண்ணியில கரைச்சுக் குடிச்சு வயித்தைக் கழுவணும். நான்தான் பக்கத்துல இருந்து குடிக்க வச்சேன். ஆடு எல்லாம் வேலிக்கு மேல எட்டி அவரு ஓடுறதை வேடிக்கை பாத்துச்சு.

உள்ள ஒரு சதை வளர்ந்திருந்ததாம். இன்னும் ரெண்டு வருசம் விட்டிருந்தா புற்றாயிருக்கும்னாங்க. கேமராவோடயே கம்பி விட்டு அறுத்து எடுத்துட்டாங்க. கத்தி இல்ல, தையல் இல்ல. சாயங்காலம் பஸ் ஏறி வந்துட்டோம்.

பஸ்ல சொன்னாரு, "அன்னைக்கு நீ மட்டும் ஏசலைன்னா, ரத்தம் இல்லன்னு என் ஆட்டுக்கு ரிசல்ட் வந்திருக்கும். நான் சந்தோசமா இருந்து செத்திருப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஜூலை 24, திங்கள்

டீச்சருக்கு வெறும் மூலம்தான். 73-க்கும் 102-க்கும் பெருசா ஒண்ணுமில்ல. டாக்டர், "118 ஏன் இன்னும் வரல?"ன்னு கேட்டாங்க. மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிறாருன்னேன். பொய். அந்த மனுசனுக்கு விசயமே தெரியாது. அவுக தலையில ரெண்டாவது பழி.

காலையில போனப்ப சிவப்பா இருந்தது. நேத்து பீட்ரூட் பொரியல் வச்சிருந்தேன்.

இல்ல, வைக்கல. வாழைக்காய்தான் வச்சேன். எழுதினா உண்மையை எழுதணும். மார்ச் மாசத்துலேருந்து இப்படித்தான் இருக்கு. இது என்ன கணக்குன்னு இந்த ஊர்லயே எனக்குத்தான் நல்லாத் தெரியும். அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. எனக்குப் பயமா இருக்கு. ஊர்ல எல்லாரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனவ, எனக்குப் போகக் கால் வரல.

ஜூலை 27, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு வாசல்ல ஜீப். டாக்டர் எப்சிபாவே இறங்கி வாராங்க. வீட்டுக்காரர் வீட்டுலதான் இருந்தாக, கைமுழுக்கக் கடலைமாவு. நான் கிணத்தடியிலேருந்து ஓடி வரதுக்குள்ள டாக்டர் பேசத் தொடங்கிட்டாங்க.

"ஐயா, உங்க சாம்பிள்ல ரத்தம் இருக்கு. மூணு தடவை வடிவுகிட்டச் சொல்லி அனுப்பிட்டேன். நீங்க வர மாட்டேங்கிறீங்களாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க சம்சாரம் இந்த ஊர்ல எத்தனை பேரைக் காப்பாத்தப் போராடுறாங்க தெரியுமா? அவங்களுக்காகவாவது வாங்க."

அவுக என்னைப் பாத்தாக. அவுக டப்பாவையே தொட்டதில்லைன்னு அவுகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சொல்லப் போறாகன்னு நினைச்சேன். வாசப்படியில உக்காந்துட்டேன்.

அவுக துண்டை எடுத்துக் கையை ஒவ்வொரு விரலாத் தொடைச்சாக. "நான்தான் மாட்டேன்னுட்டேன் டாக்டர். தப்புதான். எப்ப வரணும்?"

அடுத்த வாரம் வெள்ளிக்குத் தேதி குடுத்தாங்க. மருந்துப் பொடிப் பாக்கெட்டும் குடுத்தாங்க. ஜீப் போயிடுச்சு.

அவுக பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. பெறவு என் மடியில வச்சாக.

"மூணு மாசமாத் தட்டுல பாதிச் சோறு மிச்சம் வைக்க. கேட்டா வெயிலுன்னு சொல்லுத. பஸ்ஸுல தூங்கிட்டேன்னு சொல்லுத. நானும் அதுக்கு மேல கேக்காம இருந்துட்டேன். நீ கோவப்படுவியோன்னு."

நான் பாக்கெட்டு ஓரத்தை மடிச்சு மடிச்சு விரிச்சேன்.

"அக்காவைப் பாத்துப் பயந்துட்டியா?"

தலையை ஆட்டினேன். அம்பது வயசை எட்டப் போறவ, வாசல்ல உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அவுக மாவுக் கையோடவே என் தலையைப் பிடிச்சுக்கிட்டாக. முடியெல்லாம் மாவு.

"அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போறோம்"ன்னாக. "ஆனா டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி இருக்கும்."

ஜூலை 28, வெள்ளி

அடுத்த வெள்ளி வரைக்கும் காத்திருக்கல. இன்னைக்கே போனேன். டாக்டர் மேசை முன்னால உக்காரல, நின்னுக்கிட்டே சொன்னேன். "118 என்னோடது டாக்டர். எண்ணிக்கை குறையுதுன்னு வச்சுட்டேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. "ஆட்டுப் புழுக்கைக்கு அந்தப் பெரியவரை என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"118-ஐ ஆராய்ச்சியிலேருந்து அடிச்சிடணும். காரணமும் எழுதணும். உங்க பேரும் அதுல வரும். மேற்பார்வை வேலையைப் பத்தி இப்ப நான் எதுவும் சொல்ல முடியாது."

சரின்னேன். அதுதான் நியாயம். நானா இருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை கூட ஏசியிருப்பேன்.

பெறவு டிராயரைத் திறந்து புது டப்பா ஒண்ணை எடுத்தாங்க. "இது ஆராய்ச்சிக்கு இல்ல, உங்களுக்கு. உங்க பேர்லயே ஒரு ரிசல்ட் வேணும். அது வர வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கேமரா உங்களுக்குத்தான்." பேனாவை எடுத்து டப்பா மேல என் பேரை முழுசா எழுதினாங்க. பி. சங்கரவடிவு. இந்த ஊர்லேருந்து பேர் போட்டுப் போற முதல் டப்பா.

ஜூலை 31, திங்கள்

காலையில டப்பாவை முடிச்சுக் குளியல் அறை ஜன்னல்ல வச்சுட்டுப் புடவை மாத்தப் போனேன். திரும்பி வந்தா டப்பாவைக் காணல. வாசல்ல அவுக சைக்கிளோட நிக்காக. சலவை பண்ணின வெள்ளைச் சட்டை. பாக்கெட்டுக்குள்ள பேனாவுக்குப் பக்கத்துல ரெண்டு டப்பா தெரியுது.

"இன்னொண்ணு யாருது?"

"கேக்குறா பாரு. எனக்கும் வயசு ஆகலையா? உன் பையில இருந்துதான் எடுத்தேன். ஆறு இடத்துல குத்தணும்லா?"

"ஆமா."

"ஏழு இடத்துல குத்திட்டேன். பரவாயில்லையா?"

பரவாயில்லைன்னேன். போயிட்டாக. பஜார் வழியாத்தான் போயிருப்பாக, வேற வழி கிடையாது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ரெண்டு லிட்டர். நான் இத்தனை பேரைக் குடிக்க வச்சேனே, இவ்வளவு கேவலமா இருக்கும்னு ஒருத்தராவது சொன்னாகளா? மூக்காண்டி அண்ணாச்சி வேலிக்கிட்ட வந்து நின்னு, "ஓடு தாயி ஓடு"ங்கிறாரு. அவரை அப்புறம் கவனிச்சுக்கிறேன்.

என் பேர்ல ரிசல்ட்டும் வந்துட்டு. ரத்தம் இருக்கு. அவுகளுக்கு இல்ல.

ஆகஸ்ட் 4, வெள்ளி

சாயங்காலம், வீட்டுலேருந்து எழுதுறேன்.

ஊசி போட்டதும் கண்ணு சொருகிருச்சு. முழிச்சப்ப டாக்டர் எப்சிபா பக்கத்துல இருந்தாங்க. சுத்தி வளைக்காம சொன்னாங்க. சதை இருந்தது. மூக்காண்டி அண்ணாச்சியோடதைவிடப் பெருசு, நெல்லிக்காய் அளவு. அதுதான் மாசக்கணக்கா ரத்தத்தைக் குடிச்சிருக்கு. முழுசா எடுத்தாச்சு. அதுக்குள்ள புற்று தொடங்கியிருக்கா இல்லையான்னு சோதனைக்கு அனுப்பியிருக்கு. தொடங்கியிருந்தாலும் ஆரம்பம்தான், ஆபரேஷன்ல சரிபண்ணிடலாம், அக்கா மாதிரி இல்லன்னாங்க. பத்து நாள் ஆகும். ஆகட்டும். முன்னாடி வந்து பிடிச்சுட்டோம், அதை யாரும் இனி மாத்த முடியாது.

தள்ளுவண்டியில வெளிய கொண்டுவந்தாங்க. கண்ணு இன்னும் சரியாத் திறக்கல, காது மட்டும் கேட்டுச்சு. வராந்தாவுல நல்ல கூட்டம். பெஞ்சுல யாரோ ஒரு அயலூர்க்காரர்கிட்ட அவுக பேசிக்கிட்டிருந்தாக, பஜாருல சேவு விக்கிற அதே சத்தத்துல.

"இதுல என்னய்யா கூச்சம்? மூடியோட ஒரு குச்சி இருக்கும். ஆறு இடத்துல குத்தணும், இறுக்கி மூடணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, உம்மதை நீருதான் குடுக்கணும். அதுல மட்டும் நாணயம் வேணும். எங்க வீட்டுல சொல்லுவா."